முரசுமோட்டைப் போறணையும் மூன்று அரசாங்கக் கடிதங்களும்

அறுபத்திரண்டாம் ஆண்டு மாசி மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை வன்னிக்குப் புறப்பட்டேன். காரணம் ஒரு பாடப்புத்தகம். யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பாடசாலையில் குடியியல் படிப்பிக்கிறேன். சிறு தொழில்களுக்கு அரசாங்கம் செய்யும் உதவிகள் என்று அதில் ஒரு பாடம் உண்டு. கடன், காணி, பயிற்சி, உத்தரவாத விலை என்று மூன்று வரியில் பாடம் முடிந்துவிடும். நாலாவது வருடமாக அதைப் படிப்பித்துக்கொண்டு நின்றபோது, இந்த மூன்று வரியும் ஒரு மனிதருடைய வீட்டுக்குள் எப்படிப் போய்ச் சேருகின்றன என்று எனக்குத் தெரியாது என்பது திடீரென்று உறைத்தது.

தெரிந்துகொள்ள வழி இருந்தது. என் பெரியம்மாவின் மகள் பூமணி அக்காவும் அவருடைய கணவர் தம்பிராசா அத்தானும் கரவெட்டியிலிருந்து முரசுமோட்டைக் குடியேற்றத்துக்குப் போய் எட்டு வருடம். மூன்று ஏக்கர் வயலும் வீட்டுக்கு முக்கால் ஏக்கர் மேட்டுக்காணியும் அரசாங்கம் கொடுத்தது. கடைசி மூன்று வருடமாக அந்த மேட்டுக்காணியில் பாண் சுடும் சூளை அடுப்பு, ஒரு போறணையும் நடத்துகிறார்கள். "வந்து சுடச்சுடப் பாண் சாப்பிட்டுப் போ" என்று அக்கா எழுதாத கடிதம் இல்லை. திங்கட்கிழமைக்கு ஒரு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு கைப்பையும் ஒரு போத்தல் தண்ணீருமாகக் கிளம்பினேன்.

யாழ்ப்பாணத்தில் காலை 6.20 ரயில். பரந்தனுக்கு மூன்றாம் வகுப்புக் கட்டணம் ஒரு ரூபா ஐம்பது சதம். ஆனையிறவு வரும்போது நித்திரை கொள்ள வேண்டாம். இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் ரயில், உப்புக் குவியல்கள் வெயிலில் கண்ணைக் கூசவைக்கும். எட்டு மணிக்குப் பரந்தனில் இறங்கினால் முதலில் தெரிவது இரசாயனத் தொழிற்சாலையின் புகைபோக்கி. சந்தியில் பால் விடாத ஒரு பிளேன்ரீ பத்துச் சதம். முல்லைத்தீவு பஸ் 8.40க்கு. முரசுமோட்டைக்கு மூன்று மைல், பதினைந்து சதம். அறுவடைக் காலம் என்பதால் பஸ்ஸுக்குள் ஆட்களைவிட அரிவாள்கள் அதிகம். காலை மடக்கி வைத்துக்கொண்டு பயணம் செய்வது நல்லது.

ஒன்பது மணிக்கு அக்காவின் வாசல் படலையடியில் நின்றேன். பாண் மணம் வரவில்லை. போறணை வீட்டுக்குப் பின்னால், செங்கல்லும் களிமண்ணும் கொண்டு ஆமை முதுகு போலக் குவித்துக் கட்டியது. எட்டிப் பார்த்தேன். உள்ளே ஒரு கோழி அடை கிடந்தது.

"அஞ்சு நாளாய் அடுப்பு மூட்டேல்லை. வா, முதலிலை தேத்தண்ணி குடி" என்றார் அக்கா.

அக்காவுக்கு முப்பத்தெட்டு வயது. நிற்க நேரமில்லாத மனுஷி. அன்றைக்குச் சமையல் குசினி வாசலில் கதிரையைப் போட்டுச் சும்மா இருந்தார். அதிலேயே விஷயம் பெரிது என்று விளங்கிவிட்டது. உள்ளே போய் அலுமாரியிலிருந்து மூன்று கடிதங்களை எடுத்து வந்து மடியில் வரிசையாக வைத்தார்.

முதலாவது, பாண் சுடுவதற்கு மாதாமாதம் கோதுமை மா எடுக்க அனுமதி. முகவரியில் இந்தக் காணியின் இலக்கமே இருந்தது. இரண்டாவது, சுகாதாரப் பரிசோதகர் எழுதியது: போறணையும் மா குழைக்கும் இடமும் சுத்தத்தில் மற்றவர்களுக்கு முன்மாதிரி என்று. மூன்றாவது, ஐந்து நாளுக்கு முன் வந்தது. மேட்டுக்காணி வீட்டுக்கும் தோட்டத்துக்கும் மட்டுமே தரப்பட்டது, அதில் வியாபாரம் நடத்துவது அனுமதிப்பத்திர நிபந்தனைக்கு மாறு, முப்பது நாளுக்குள் போறணையை உடைத்து அகற்றாவிட்டால் காணி அனுமதி ரத்தாகும் என்று. வயலும் அதே அனுமதிப்பத்திரத்தில்தான் இருக்கிறது. மூன்றும் மூன்று அலுவலகங்களிலிருந்து வந்தவை, ஆனால் மூன்று கடிதங்களிலும் அரசாங்க முத்திரை ஒன்றுதான்.

"மூண்டு பேரும் ஒரு கந்தோரிலை இருந்தால் ஒரு நாளாவது தங்களுக்குள்ளை கதைச்சிருப்பினம்" என்றார் அக்கா.

போறணை அக்காவுடையது, ஆனால் பாண் சுடுகிறவர் காதர் நானா. முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்றுதான் கூப்பிடுவது. முல்லைத்தீவுக்காரர். யாழ்ப்பாணத்துப் பேக்கரிகளில் இருபது வருடம் வேலை செய்தவர். மூன்று வருடத்துக்கு முன் ஒரு அறுவடைக்கு, சைக்கிளில் பாண் பெட்டி கட்டிக்கொண்டு இந்தப் பக்கம் விற்க வந்தார். பரந்தன் வரை ரயிலில் வந்த பாண், இங்கே சேரும்போது காய்ந்துவிடும். "இஞ்சையே சுட்டால் என்ன?" என்று கேட்டது அக்கா. அந்த வருடம் நெல்லை உத்தரவாத விலைக்கு, புசல் பன்னிரண்டு ரூபாவுக்கு, அரசாங்கமே எடுத்தது. அந்தக் காசில்தான் செங்கல் வாங்கினார்கள். போறணையைக் கட்டியது நானா. மாக் குழைக்கக் கற்றுக்கொண்டது அக்கா. வருகிறதில் பாதிப் பாதி. எழுத்தில் ஒன்றும் இல்லை.

மூன்றாவது கடிதம் வந்த அன்று நானா அதை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டாராம். பிறகு தன் உடுப்பை மடித்துச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, "என்னாலை உங்கட வயல் போகக் கூடாது, தங்கச்சி" என்று சொல்லிவிட்டு முல்லைத்தீவுக்குப் போய்விட்டார்.

சிறு தொழில் கடன் ஒன்று இருக்கிறதே என்று நான் என் பாடப்புத்தகத்தை நினைத்துக்கொண்டு கேட்டேன். அக்கா சிரித்தார். போன வருடம் நானா அதற்கும் விண்ணப்பம் போட்டிருக்கிறார். தொழில் நடக்கும் காணி யாருடையது என்று ஒரு கேள்வி. "அவருக்குத் தொழில் இருக்கு, காணியில்லை. எங்களுக்குக் காணி இருக்கு, அதிலை தொழில் செய்யக் கூடாது. அந்த ஒரு கேள்வியோடை விண்ணப்பம் திரும்பி வந்திட்டுது."

அன்று பின்னேரம் ஐந்து மணிக்கு அந்தப் பகுதியின் கிராம அதிகாரியான விதானையார் சைக்கிளில் வந்தார். பாண் வாங்கத்தான் வழக்கமாக வருவார். அன்றைக்கு வேறு ஒரு செய்தியோடு வந்தார். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கிளிநொச்சியில் ஒரு பாடசாலை மண்டபத்தில் காணிக் கச்சேரி. அதாவது, காணி கேட்கிறவர்களை அதிகாரி நேரில் கூப்பிட்டு விசாரித்து, எல்லாருக்கும் முன்னால் யாருக்கு என்று தீர்மானிப்பார். முரசுமோட்டையில் முல்லைத்தீவு றோட்டு ஓரமாகத் தொழில் செய்கிறவர்களுக்கென்று மூன்று துண்டுக் காணி ஒதுக்கியிருக்கிறார்கள், தலைக்குக் கால் ஏக்கர்.

"உங்களுக்குக் கேக்கேலாது, காணி உள்ளவை விண்ணப்பிக்கக் கூடாது" என்றார் விதானையார். "காதருக்கு ஒரு துண்டும் இல்லை. மூண்டு வருஷமாய் என்ரை பகுதியிலை இருக்கிறார் எண்டு நான் எழுதிக் குடுக்கலாம். பேரைப் பட்டியலிலை போட்டிட்டன். ஆனால் ஆள் நேரிலை நிக்கவேணும்."

அவர் போன பிறகு அத்தான் வயலிலிருந்து வந்தார். கை கால் கழுவிக்கொண்டே கேட்டார். கேட்டு முடித்ததும் முகம் இறுகிவிட்டது.

"செங்கல் எங்கட காசு. காணி அவரின்ரை பேரிலை எண்டால், நாளைக்கு அவர் எங்களை வெளியிலை போ எண்டால் என்ன செய்யிறது?"

"போ எண்டு சொல்லுற ஆளோ அவர்?"

"அவர் சொல்லமாட்டார். அவரின்ரை பிள்ளையள் சொன்னால்?"

அக்கா எழும்பி விளக்கைக் கொளுத்தப் போனார். அத்தான் கெட்ட மனுஷர் அல்ல. கரவெட்டியில் கால் பரப்பு என்ற சின்னத் துண்டுக் காணிக்காகச் சொந்த அண்ணனோடு ஏழு வருடம் கதைக்காமல் இருந்தவர். காணி என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை அதை அறுவடைக்காரர்கள் தீர்த்து வைத்தார்கள். பளைப் பக்கத்திலிருந்து வந்த பதினாறு பேர் அத்தானின் வயலில் நின்றார்கள். அவர்களுக்குத் தலைவி இலட்சுமி என்று ஒரு நடுத்தர வயது அம்மா. ரயிலில் வந்த பாண் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து அத்தானுக்கு முன்னால் மரக்கட்டையில் தட்டிக் காட்டினார். சத்தம் கேட்டது.

"அண்ணை, இதைக் கடிச்சால் பல்லு இருக்காது. போன வருஷம் உங்கட வயலுக்கு நாங்கள் ஓடி வந்தது கூலிக்கு இல்லை, பாணுக்கு. நாளைக்கும் இதுதான் எண்டால் நாங்கள் உருத்திரபுரம் பக்கம் போறம். அங்கை கஞ்சியாவது சூடாய்க் குடுக்கினம்."

பாதி வயல் வெட்டாமல் நின்றது. அத்தான் அந்தப் பாணை வாங்கி ஒரு தரம் தானும் தட்டிப் பார்த்தார். பிறகு குசினிப் பக்கம் திரும்பி, "பூமணி, பஸ் எத்தினை மணிக்கு?" என்று கேட்டார்.

அறுவடையை விட்டு அவர் வர முடியாது. அக்காவும் நானும் பின்னேரம் 2.10 பஸ்ஸில் ஏறினோம். முல்லைத்தீவுக்கு இருபத்தொன்பது மைல், கட்டணம் ஒரு ரூபா முப்பது சதம், இரண்டு மணித்தியாலம். விசுவமட்டுக்குப் பிறகு காடுதான். பாலை மரங்கள் றோட்டின் மேல் கவிந்து நிற்கும். வெயில் பஸ்ஸுக்குள் துண்டு துண்டாக விழுந்து ஓடும். மயில்கள் ஒதுங்க மனமில்லாமல் ஒதுங்கின. புதுக்குடியிருப்பில் ஐந்து நிமிடம் நிற்பார்கள். இளநீர் இருபது சதம், கட்டாயம் குடியுங்கள். வட்டுவாகல் பாலத்தில் ஏறும்போது நந்திக்கடல் ஒரு பக்கம் விரிந்து கிடந்தது. சாரதி கேட்காமலே வேகத்தைக் குறைத்தார். "ஒவ்வொரு நாளும் வாறன், எண்டாலும் இதிலை ஓடிப் போக மனம் வராது" என்றார். அக்கா எட்டு வருடத்தில் முதன்முறையாக இந்தப் பக்கம் வருகிறார். காரியம் மறந்து யன்னலில் முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

காதர் நானாவின் வீடு பஸ் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. கிடுகு வேலி, மணல் முற்றம். நோன்பு காலம். எங்களைக் கண்டதும் நானா எழும்பி நின்றார். உயரமான, மெலிந்த மனிதர், முழங்கை வரை பழைய சூட்டுத் தழும்புகள்.

"என்ன தங்கச்சி, வயல் போயிட்டுதோ?" என்றுதான் முதலில் கேட்டார்.

"வயல் போகேல்லை. நாளைக்குக் கிளிநொச்சிக்கு வரவேணும் நீங்கள்" என்று அக்கா எல்லாவற்றையும் சொன்னார்.

நானா கேட்டு முடித்துத் தலையை ஆட்டினார். "அது சரிவராது. உங்கட காசிலை கட்டின போறணை. அதின்ரை கல்லைக் கொண்டுபோய் என்ரை பேரிலை கிடக்கிற காணியிலை வைக்கிறதோ? ஊர் என்ன சொல்லும்? தம்பிராசா அண்ணை மனசிலை என்ன நினைப்பார்?"

"அவர் நினைச்சதை நினைச்சு முடிச்சிட்டார். அவர்தான் என்னை பஸ் ஏத்தி விட்டவர்."

"எண்டாலும்..."

"எண்டாலும் எண்டால், போறணைக்குள்ளை கோழி அடை கிடக்குது, நானா."

கதவுக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். நானாவின் மனைவி சபியா. அவர் வெளியே வந்து அக்காவின் கையைப் பிடித்து இருத்தினார். முதலில் நோன்பு திறக்கட்டும், கதை பிறகு என்றார். 6.20க்குப் பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. ஈச்சம்பழம், பிறகு இஞ்சியும் தேங்காய்ப்பாலும் போட்ட நோன்புக் கஞ்சி. எங்களுக்கும் இரண்டு கோப்பை. ஐந்து பிள்ளைகள் வட்டமாக இருந்து, ஒருவருக்கும் கேட்காமல் குடிக்கப் பார்த்து, முடியாமல் உறிஞ்சினார்கள். இவ்வளவு ருசியான கஞ்சியை நான் இதுவரை குடித்ததில்லை. எப்படிச் செய்வது என்று கேட்டு எழுதிக்கொண்டேன்.

கஞ்சி முடிந்ததும் சபியா, கணவரைப் பார்க்காமல், அக்காவைப் பார்த்துச் சொன்னார்: "இவர் அங்கை, நாங்கள் இஞ்சை. மாசத்திலை ரெண்டு நாள் வருவார். கடைசிப் பிள்ளை இவரைக் கண்டால் மாமா எண்டு கூப்பிடுறான். காணி கிடைச்சால் நாங்களும் அங்கை வந்திடுவம். போறணை உங்கட. நிலம் இவரின்ரை. நீங்கள் போ எண்டால் எங்களுக்குப் போறணையில்லை, நாங்கள் போ எண்டால் எங்களுக்கு மாக் குழைக்க ஆளில்லை. ஆர் ஆரைப் போ எண்டு சொல்லுறது?"

முதல் நாள் அத்தான் கேட்ட கேள்விக்கு எங்கள் வீட்டில் ஒருவராலும் சொல்ல முடியாத பதில் அது. நானா வெறும் கோப்பைகளை அடுக்கி எடுத்துக்கொண்டு எழும்பினார். கடைசியில், "லொறி விடியப்புறம் அஞ்சு மணிக்கு. பஸ்ஸை நம்பினால் நேரம் காணாது" என்றார். வருகிறேன் என்று அவர் சொன்னது அப்படித்தான்.

லொறி என்றால் கருவாட்டு லொறி. கிளிநொச்சிச் சந்தைக்குப் போகிறது. சாரதி மரியான், நானாவின் பால்ய சிநேகிதர். முன் ஆசனத்தில் அக்காவும் நானும். பின்னால் கருவாட்டு மூட்டைகளின் மேல் நானா, வெள்ளைச் சட்டை கசங்காமல் ஒரு புதுப் பாயை விரித்துக்கொண்டு. கட்டணம் வாங்க மரியான் மறுத்துவிட்டார். "காணி கிடைச்சால் முதல் பாண் எனக்கு" என்றார். முப்பத்தைந்து மைல். காட்டுக்குள் விடிந்தது. ஒரு யானை றோட்டைக் கடக்க ஏழு நிமிடம் எடுத்தது. நாங்கள் விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருந்தோம். மரியான் ஆறுதலாக ஒரு சுருட்டு பற்றவைத்தார். அக்கா மட்டும் நானாவின் பெயரை முதலில் கூப்பிட்டுவிடுவார்களோ என்று என் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

8.35க்கு மண்டபத்து வாசலில் இறங்கினோம். நாற்பது பேர் வரையில் நின்றார்கள். நாங்கள் உள்ளே போய் இருந்த நீள மர வாங்கில் சற்று நேரத்தில் எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. காரணம் கருவாடு. அக்கா சேலைத் தலைப்பை முகர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்து, அதை அடக்க வாயைப் பொத்திக்கொண்டோம்.

அதிகாரி கண்ணாடி போட்ட, ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். கோபமில்லாத, களைத்த குரல். ஒரு துண்டு கொல்லருக்கும் ஒரு துண்டு சைக்கிள் திருத்துகிறவருக்கும் போனது. மூன்றாவதற்கு ஆறு பேர். பதினொன்றரைக்குக் காதர் நானாவைக் கூப்பிட்டார்கள்.

"காணி இருக்கிறதா?"

"இல்லை, ஐயா."

"பிள்ளைகள்?"

"அஞ்சு."

"தொழில்?"

"பாண் சுடுறது."

"ஆட்சேபனை உள்ளவர்கள் சொல்லலாம்" என்று அதிகாரி மண்டபத்தைப் பார்த்தார்.

தேநீர்க் கடைக்காரர் ஒருவர் எழும்பினார். அவரும் அந்தத் துண்டுக்கு விண்ணப்பித்தவர். "ஐயா, இவர் முல்லைத்தீவு ஆள். இந்தப் பகுதிச் சனத்துக்கு இவராலை ஒரு பிரயோசனமும் இல்லை" என்றார்.

விதானையார் தன் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அதிகாரி அதை வாசித்துவிட்டுத் தேநீர்க் கடைக்காரரைக் கேட்டார்: "உங்கள் கடையில் காலையில் என்ன விற்கிறீர்கள்?"

"பாணும் சம்பலும், ஐயா."

"பாண் எங்கே எடுக்கிறீர்கள்?"

பின்னாலிருந்து யாரோ, "காதர் நானாட்டைத்தான்" என்றார்கள். மண்டபம் சிரித்தது. கடைக்காரரும் கடைசியில் சிரித்துவிட்டார். "பாண் நல்ல பாண்தான், ஐயா, அதிலை பிழை சொல்லேலாது" என்று சொல்லிவிட்டு இருந்தார்.

அதிகாரி மூன்றாவது கடிதத்தின் பிரதியைக் கோவையில் தேடி எடுத்தார். பிறகு அக்காவைக் கூப்பிட்டார். இதுவரை நடந்ததெல்லாம் நிபந்தனையை மீறி நடந்தது என்பதை அக்கா அவர் முன்னால் ஒத்துக்கொள்ள வேண்டும்.

"இந்தப் போறணை உங்களுடையதா?"

"ஓம், ஐயா. உங்கட கடிதம் வருமட்டும் அது பிழையெண்டு எங்களுக்குத் தெரியாது. மா தந்தவையும் சொல்லேல்லை, சுத்தம் பாத்தவரும் சொல்லேல்லை."

"இந்தத் துண்டு இவருக்குக் கிடைத்தால் உங்களுக்கு அதில் ஒரு உரிமையும் இராது. தெரியுமா?"

"தெரியும், ஐயா."

"பிறகு ஏன் முல்லைத்தீவு வரை போய்க் கூட்டிக்கொண்டு வந்தீர்கள்?"

அக்கா அவரை நேரே பார்த்துச் சொன்னார்: "வயலாலை வருஷத்திலை ஒருக்கால் காசு வருது, ஐயா. பாணாலை ஒவ்வொரு நாளும் வருது. அதாலைதான் என்ரை மூத்தவள் பள்ளிக்கூடத்தாலை நிக்கேல்லை. நிலம் ஆரின்ரை பேரிலை எண்டாலும் பரவாயில்லை, அடுப்பு எரியவேணும்."

அதிகாரி அதை எழுதிக்கொண்டார். முடிவு இரண்டரைக்கு. அந்த மூன்று மணித்தியாலமும் நாங்கள் மண்டபத்துக்கு வெளியே வேப்ப மரத்தடியில் இருந்தோம். அக்காவும் நானும் கடையில் இனிப்புப் பணிஸ் வாங்கிச் சாப்பிட்டோம், நானா நோன்பு. கையில் ஒரு சுள்ளியை வைத்துக்கொண்டு மணலில் போறணைக்குப் படம் கீறி, அழித்து, பெரிதாக்கிக் கீறினார்.

2.40க்குப் பெயர் வாசித்தார்கள். மூன்றாம் துண்டு, காதர். நானா உடனே எழும்பவில்லை. மற்றொரு காதரோ என்று பின்னால் திரும்பிப் பார்த்தார். அக்கா அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்து எழுப்பினார். மூன்றாவது கடிதத்தின் மேல் அதிகாரி சிவப்பு மையில், புதுப் போறணை கட்டி முடியும்வரை ஆறு மாதத்துக்குப் பழையது இருக்கலாம் என்று எழுதிக் கையெழுத்திட்டார். கொடுக்கும்போது, கண்ணாடிக்கு மேலால் எங்களைப் பார்த்து, "லொறியிலா வந்தீர்கள்?" என்று மட்டும் கேட்டார்.

அன்று பின்னேரமே முரசுமோட்டையில் அடுப்பு மூட்டினார்கள். கோழியை முட்டைகளோடு ஓலைக் கடகத்துக்குள் இடம் மாற்றினோம். அத்தான் விறகு கொத்தினார். நானா தணலை வாரி ஒதுக்கி, உள்ளே கையை நீட்டி, மனதுக்குள் எண்ணிச் சூடு பார்த்தார். சூரியன் விழ, முதல் தட்டுப் பாண் வெளியே வந்தது. இலட்சுமியும் அவருடைய ஆட்களும் வயலிலிருந்து நேராக வந்து நின்றார்கள். நானா ஈச்சம்பழத்தோடு நோன்பைத் திறந்து, தான் சுட்ட பாணில் ஒரு துண்டைப் பிய்த்துச் சாப்பிட்டார். பிறகு, ஒரு சிட்டிகை உப்புக் குறைவு என்றார். அதைக் கேட்க ஒருவருக்கும் நேரமில்லை. நான் பாதி றாத்தல் பாணைத் தேங்காய்ச் சம்பலோடு நின்ற நிலையில் சாப்பிட்டேன். பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது அதற்குப் பிறகுதான். செவ்வாய் விடிய முதல் ரயிலைப் பிடித்து ஓடினேன்.

இப்போது, அரசாங்கம் சிறு தொழிலுக்கு உதவுகிறதா என்று கேட்டால் என்ன சொல்வேன்? உதவுகிறது. உத்தரவாத விலை இல்லாவிட்டால் அந்தச் செங்கல்லே இல்லை. மா அனுமதியும் சுகாதாரக் கடிதமும் நல்ல எண்ணத்தோடு வந்தவைதான். காணிக் கச்சேரி எல்லார் முன்னிலையிலும் நேர்மையாக நடந்ததை என் கண்ணால் கண்டேன். ஆனால் ஒவ்வொரு உதவியும் தனித்தனிப் பாதையில் வருகிறது. வயல் செய்கிற கமக்காரனுக்கு என்று ஒன்று, தொழிலாளிக்கு என்று ஒன்று. காலையில் நெல் வெட்டி, பின்னேரம் மாக் குழைக்கிற ஒரு பெண்ணுக்கு எந்தப் படிவத்திலும் இடமில்லை. அந்த இடைவெளியை இந்த முறை நிரப்பியது ஒரு விதானையாரும், ஒரு கருவாட்டு லொறியும், சபியாவின் கணக்கும். எல்லா ஊரிலும் இவை மூன்றும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. பாடத்தில் நாலாவதாக ஒரு வரி சேர்த்துப் படிப்பிக்கிறேன்: கடிதம் வந்தால் பயந்து ஓடாமல், எழுதியவரை நேரில் போய்ப் பாருங்கள்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மாசி, பங்குனி நல்ல காலம். மார்கழியில் றோட்டில் தண்ணீர் நிற்கும். காலை ரயிலில் போனால் ஒரே நாளில் முல்லைத்தீவு வரை போய்க் கடலைப் பார்க்கலாம், ஆனால் அன்றே திரும்ப முடியாது. தங்குவதற்கு முன்கூட்டியே ஒழுங்கு செய்யுங்கள். தனியாகப் போகிற பெண்களுக்கும் பயமில்லை, முன் ஆசனத்தில் இடம் தருவார்கள். குடிக்கத் தண்ணீர் கொண்டு போங்கள். சில்லறையாக ஐந்து ரூபா வைத்திருங்கள், நடத்துநரிடம் மீதி இராது. கருவாட்டு லொறியில் ஏறுவதென்றால் மாற்றுச் சேலை ஒன்று அவசியம்.

பாணுக்கு, முரசுமோட்டைத் தரிப்பிடத்தில் இறங்கிப் பரந்தன் பக்கமாக இருநூறு யார் நடக்க வேண்டும். றாத்தல் இருபத்தைந்து சதம். பின்னேரம் நாலரைக்குப் போனால் சூடாகக் கிடைக்கும், ஐந்தரைக்குப் போனால் ஒன்றும் கிடைக்காது. பழைய கல்லில் கட்டிய புதுப் போறணை, முன்னைவிட இரு மடங்கு பெரிது. பின்னால் சபியாவின் வீடு. இந்த வருடம் அறுவடைக்குப் போனபோது முன்புறத்தில் ஒரு பலகை தொங்கியது. நீல மையில், கொஞ்சம் சரிந்த எழுத்தில், "பூமணி பேக்கரி" என்று. பலகையைத் தறித்து இழைத்துக் கொடுத்தது அத்தானாம். ஏன் உங்கள் பெயரைப் போடவில்லை என்று காதர் நானாவைக் கேட்டேன். மாத் தட்டை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்:

"நிலத்துக்கு என்ரை பேரைப் போட்டது கவர்மேந்து, ரீச்சர் பிள்ளை. கடைக்குப் பேர் வைக்கிறது எங்கட வேலைதானே."